70 நாள் டி.பி. மாத்திரை போட்டுட்டு நிறுத்திட்டான் – தம்பியை எப்படித் திரும்பக் கூட்டிட்டுப் போறது?

சாத்தூர்க்காரி | ஞாயிறு, இரவு 10:50

வணக்கம். யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியாம இங்க எழுதுறேன்.

தம்பிக்கு 31 வயசு, கல்யாணம் ஆகல. திருப்பூர்ல பனியன் கம்பெனியில பவர் டேபிள் (தையல் மெஷின்) ஓட்டுறான். மூணரை மாசத்துக்கு முன்னாடி விடாத இருமல், சாயங்காலமானா காய்ச்சல். எடை 9 கிலோ இறங்கிடுச்சு. சளி டெஸ்ட் எடுத்து டி.பி.ன்னு சொல்லி அங்கேயே மாத்திரை ஆரம்பிச்சாங்க. போன்ல கேக்கும்போதெல்லாம் "போட்டுக்கிட்டுதான்க்கா இருக்கேன்"னு சொன்னான்.

முந்தாநாள் பொங்கல் சாட்டினதுக்கு ஊருக்கு வந்தான். துணி துவைக்கப் பையைக் கொட்டினா அடியில மாத்திரை அட்டை பிரிக்காமக் கிடக்கு. உக்காந்து எண்ணினேன். 70 நாள் போட்டிருக்கான். அதுக்கப்புறம் 5 வாரமா ஒண்ணுமே போடல.

கேட்டா, "அதான் இருமல் நின்னுடுச்சே, எடையும் ஏறிடுச்சே, இன்னும் என்னத்துக்கு"ங்கிறான். நான் அழுதேன், வீட்டுக்காரர் சத்தம் போட்டார். கோவிச்சுக்கிட்டு அப்பா வீட்டுத் திண்ணையில போய்ப் படுத்துட்டான். புதன்கிழமை திருப்பூர் திரும்பறான். அதுக்குள்ள என்ன செய்யட்டும்? மிச்ச மாத்திரையை நாளையில இருந்து போடச் சொல்லலாமா?

அம்மாபிள்ளை_கோவை | ஞாயிறு, இரவு 11:35

அக்கா, மனசு கஷ்டப்படாதீங்க, ஆனா சொல்லியே ஆகணும். அரசாங்கம் மாத்திரை சும்மா தருது. தண்ணி ஊத்தி முழுங்கறதுக்கு என்ன கஷ்டம்? இது அவர் ஒருத்தர் உடம்பு மட்டும் இல்லை.

எங்கம்மா 2014-ல மருந்துக்கு மசியாத டி.பி.யில விழுந்தாங்க. அதுக்கு முன்னாடி அவங்க ஒரு டி.பி. மாத்திரைகூடத் தொட்டது கிடையாது. அப்படின்னா எதிர்ப்பு சக்தி வந்த கிருமியே நேரா அவங்களுக்கு ஒட்டியிருக்கு. யாரோ ஒருத்தர் பாதியில விட்டதுக்கு எங்கம்மா 24 மாசம் மருந்து சாப்பிட்டாங்க. ஆறு மாசத்துக்கும் மேல கனமைசின் ஊசி. ஊசி முடியறதுக்குள்ள காது போச்சு. இப்பவும் டி.வி. சத்தத்தை முழுசா வச்சுக்கிட்டு உதட்டைப் பாத்துதான் புரிஞ்சுக்கறாங்க. உங்க தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க.

பைக்_சூப்பர்வைசர் | திங்கள், காலை 5:20

தங்கச்சி, முதல்ல உங்க கடைசிக் கேள்விக்குப் பதில். மிச்ச மாத்திரையை வீட்ல வச்சு நீங்களாத் தொடங்க வேண்டாம். 5 வாரம் விட்டிருக்கார். ஒரு மாசத்துக்கு மேல இடைவெளி விழுந்துட்டா மறுபடியும் சளி எடுத்து, சிபிநாட் இல்லேன்னா ட்ரூநாட் மெஷின்ல போட்டு, ரிஃபாம்பிசின்ங்கிற முக்கியமான டி.பி. மருந்துக்குக் கிருமி இன்னும் அடங்குதான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. சில மணி நேரத்துல முடிவு வந்துரும். அது வர்ற வரைக்கும் அந்த அட்டையைப் பத்திரமா வைங்க, தூக்கிப் போட்டுராதீங்க. எத்தனை நாள் போட்டார்னு காட்ட அதுதான் சாட்சி.

நான் 20 வருஷத்துக்கு மேல டி.பி. சூப்பர்வைசரா பைக்ல சுத்தி ஓய்வு பெற்றவன். விட்டவங்களைத் தேடிப் போறதுதான் என் வேலையே. அதனால ரெண்டு வார்த்தை.

கோவைத் தம்பி சொல்றது எல்லாம் உண்மை, அவங்க அம்மாவை நினைச்சா நெஞ்சு அடைக்குது. ஆனா "முழுங்கறதுக்கு என்ன கஷ்டம்"னு நானும் ஒரு காலத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கேட்ட வீட்ல எல்லாம் அடுத்த தடவை பூட்டுதான் தொங்குச்சு. வண்டிச் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாப் போயிருவாங்க.

முதல்ல எல்லாம் கார்டுல 'டிஃபால்டர்'னு எழுதுவோம். கடன் கட்டாதவனைச் சொல்ற அதே வார்த்தை. 2013-ல உலக சுகாதார நிறுவனம் அந்த வார்த்தையை எடுத்துட்டு, தொடர்பு விட்டுப்போனவர்ங்கிற பொருள்ல வேற வார்த்தையைக் கொண்டுவந்துச்சு. வார்த்தைதானேன்னு அப்ப நினைச்சேன். இல்லை. தப்பு பண்ணவன் வீட்டுக்குப் போறதுக்கும் வழி தவறினவன் வீட்டுக்குப் போறதுக்கும் நம்ம குரலே வேற மாதிரி இருக்கும்.

ஒரே காரணத்துக்காக மாத்திரையை விட்டவங்கன்னு ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்லை. எங்க பக்கம் ஒரு கீதாரி இருந்தார். கிடை ஆடு ஓட்டிக்கிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிட்டார். கார்டு ஊர்ல, ஆளு வயக்காட்டுல. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோட போனவங்க, கரும்பு வெட்டுக்குப் போன செட்டு, இப்படி எத்தனையோ. அவங்களை "அலட்சியம்"னு எழுதினா நமக்கு வேலை முடிஞ்சுது, அவங்களுக்கு நோய் முடியலை. அந்தக் கீதாரிக்கு மாத்திரையை மினி லாரிக்காரர் கையில கொடுத்து அனுப்பினோம், கோர்ஸ் முடிச்சார்.

உங்க தம்பிகிட்ட "ஏன் விட்டே"ன்னு கேக்காதீங்க. "மாத்திரை வாங்கப் போற நாள்ல காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பே, அங்க இருந்து கம்பெனிக்கு எத்தனை மணிக்குப் போவே"ன்னு கேளுங்க. பதில் அதுக்குள்ள இருக்கும்.

சிவப்புப்பெட்டி | திங்கள், காலை 9:10

நானும் விட்டவன்தான். 2009-ல. அப்ப நோயாளி பேர் எழுதின பெட்டியில மாத்திரை வரும். முதல் தடவைக்காரனுக்குச் சிவப்புப் பெட்டி. விட்டுட்டுத் திரும்பி வந்தா நீலப் பெட்டி, கூடவே ரெண்டு மாசம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அங்கன்வாடி டீச்சர் முன்னாடி திங்கள், புதன், வெள்ளி போட்டுக்கணும்.

நான் விட்டது குடியால. ஆனா எல்லாரும் நினைக்கிற மாதிரி இல்லை. ஆரம்பிக்கும்போது "குடிச்சா இந்த மாத்திரை போடக் கூடாது, கல்லீரல் போயிரும்"னு கண்டிப்பாச் சொல்லி அனுப்பினாங்க. நான் அதை அப்படியே கடைப்பிடிச்சேன். குடிச்ச நாள்ல மாத்திரை போடலை. முதல் மாசம் வாரத்துல ஒரு நாள் விட்டேன். கல்குவாரியில சம்பளம் போட்ட வாரம் ரெண்டு நாள். அப்புறம் டீச்சரம்மா முகத்துல வாடையோட முழிக்க வெக்கம். அந்தத் தெரு வழியாவே போறதை விட்டேன்.

"குடிச்சிருந்தாலும் வா, மாத்திரையைப் போட்டுட்டுப் போ, குடியை மெல்லக் குறைக்கலாம்"னு ஒருத்தர் சொன்னது நீலப் பெட்டி வந்தப்புறம்தான். அவர்கூட ஒரு டி.பி. சூப்பர்வைசர்தான். அந்த ஒரு வார்த்தையில முடிச்சேன். இன்னைக்கு 15 வருஷம் ஆச்சு.

சாத்தூர் அக்கா, தம்பி குடிப்பாரா? குடிப்பார்னா அதை மறைக்க வேண்டாம்னு முதல்லயே சொல்லிருங்க.

அரிசிடப்பா | திங்கள், மதியம் 2:45

படிக்கப் படிக்கக் கை நடுங்குது. இதுவரை என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை, பேர் தெரியாத இடம்ங்கிறதால சொல்றேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி 4 மாசம் மாத்திரை போட்டேன். நிச்சயம் ஆனதும் அம்மா "இனி போதும், அங்க போய் மாத்திரை போட்டா என்ன ஏதுன்னு கேப்பாங்க"ன்னுட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு நுரையீரல்ல நீர் கோத்ததுன்னு மட்டும் தெரியும். டி.பி.ங்கிற ரெண்டு எழுத்தை யாரும் உச்சரிக்கலை. நான் முடிக்கணும்னு நினைச்சு அட்டைகளை எடுத்துக்கிட்டுப் போனேன். அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வச்சு விடியக்காலை நாலரைக்கு எந்திரிச்சு முழுங்குவேன். ஆனா ரிஃபாம்பிசின் போட்டா சிறுநீர் ஆரஞ்சு நிறத்துல போகும். வேர்வைகூட அப்படித்தான், வெள்ளை ஜாக்கெட்டுல கறை. மாமியார் பாத்ரூம்ல பாத்துட்டு மஞ்சக்காமாலைன்னு பயந்து கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தாங்க. பாவம், அன்பாத்தான் கொடுத்தாங்க. நான் பயந்து நிறுத்திட்டேன்.

8 மாசம் கழிச்சு இருமல் திரும்ப வந்துச்சு. அப்ப வயித்துல புள்ள.

ஆரஞ்சு நிறம் வரும், அது ஒண்ணும் செய்யாதுன்னு எனக்குச் சொன்னாங்க. என் கூட இருக்கிறவங்களுக்கு யார் சொன்னாங்க? ரூம்ல நாலு பேரோட தங்கியிருக்கிற ஒரு பையனுக்கு இது எவ்வளவு பெரிய தொந்தரவா இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

(இன்னொண்ணு, பெண்கள் யாராவது படிச்சா: இந்த மாத்திரை கருத்தடை மாத்திரையோட வேலையைக் குறைச்சிரும். என்கிட்ட யாரும் சொல்லலை. டாக்டர்கிட்ட கட்டாயம் கேட்டுக்கோங்க.)

நெஞ்சகம் | திங்கள், இரவு 9:30

நான் நுரையீரல் மருத்துவன். சகோதரி தன் தம்பியிடம் சொல்வதற்கு உதவியாக இருக்கும் என்பதால் ஒன்றை விளக்குகிறேன்.

"நல்லாயிட்டேனே" என்று அவர் சொல்வது பொய் இல்லை. முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்று நான்கு மருந்து. வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும். காய்ச்சல், இருமல், மெலிவு எல்லாம் அவற்றின் வேலை என்பதால் அவையும் போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறைய உறக்கத்தில் கிடக்கும் சிறு கூட்டம். அவற்றால் அன்றைக்கு எந்தத் தொல்லையும் இல்லை, மருந்துக்கும் அவை எளிதில் அகப்படுவதில்லை. அடுத்த 4 மாத மாத்திரை அவற்றுக்காக. மற்ற நோய்களில் உடம்பு தேறுவதுதான் மருந்தை நிறுத்தலாம் என்பதற்கு அடையாளம். இந்த நோயில் அந்த அடையாளம் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே வந்துவிடுகிறது. நாம்தான் அதை முதல் நாளே, "ரெண்டு மாசத்தில் உனக்கு நிறுத்தத் தோன்றும்" என்று சொல்லி வைக்கத் தவறுகிறோம்.

இந்தச் சிக்கலுக்கு நம் ஊரில் ஒரு வரலாறும் உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரிலேயே இன்னும் சானடோரியம் இருக்கிறது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து 12 மாதம் ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் நெருக்கடியில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உடன் இருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம்.

ஆனால் வீட்டுச் சிகிச்சை என்றதும் ஒரு கேள்வி வந்தது: யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் ஒரு வருடம் மருந்து சாப்பிடுவாரா? ஆரம்ப வருடங்களில் அந்த மையத்தை நடத்திய வாலஸ் ஃபாக்ஸ் 1958-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். கண் முன்னால் விழுங்க வைப்பது என்ற முறையின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

என் கருத்து என்னவென்றால், அந்த ஆய்விலிருந்து பாதியைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பதையும் கண்காணிக்க வேண்டும் என்பதையும் எடுத்துக்கொண்டோம். ஒருவர் வாசலில் வந்து நின்று நலம் விசாரித்தார் என்பதை விட்டுவிட்டோம்.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். சாப்பாடு சரியில்லாமலும் குணமானார்கள் என்பது சாப்பாடே முக்கியமில்லை என்பதுபோல் ஆகிவிட்டது. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. நோயாளியின் குடும்பத்துக்கும் உணவுப் பொருள் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் 2 மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி அகோரமாக எடுக்கும். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர் அந்தப் பசியைத் தாங்க முடியாமல் மாத்திரையை நிறுத்துகிறார். இதை என்னிடமே சொன்னவர்கள் உண்டு.

அம்மாபிள்ளை_கோவை | திங்கள், இரவு 11:05

டாக்டர், எல்லாம் சரி. சிவப்புப்பெட்டி அண்ணன் சொன்னதைப் படிச்சதும் நான் எழுதினதை ஒரு தடவை திரும்பப் படிச்சேன். ஆனா கோபம் முழுசாப் போகலை, அதையும் மறைக்க விரும்பலை. ஆளு விட்டுட்டாரு, அதுக்கு நூறு காரணம் இருக்கு, ஒத்துக்கறேன். எங்கம்மா காதுக்கு யார் பொறுப்பு?

பைக்_சூப்பர்வைசர் | செவ்வாய், காலை 5:05

தம்பி, அந்தக் கேள்வி நியாயம். நான் சொல்ற பதில் உங்களுக்குப் போதாதுன்னும் தெரியும். உங்கம்மாவுக்கு ஒட்டவிட்ட அந்த ஆளும் ஏதோ ஒரு ஊர்ல என்னை மாதிரி ஒருத்தனோட லிஸ்ட்ல இருந்திருப்பார். பூட்டுத் தொங்குதுன்னு எழுதிட்டு அந்த ஆள் வண்டியைத் திருப்பியிருப்பான். நானும் திருப்பியிருக்கேன். ஒரு கிராமத்துல மூணு தடவை போய்ட்டு நாலாம் தடவை போகாம விட்ட ஒரு பெரியவர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

அந்த ஊசி இப்ப இல்லைங்கிறது ஒரு ஆறுதல். மருந்துக்கு மசியாத டி.பி.க்கும் பெடாக்குவிலின், பிரிட்டோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த 6 மாச மாத்திரைக்கு 2024-ல அனுமதி கொடுத்திருக்காங்க. உங்கம்மாவுக்கு அது கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்.

சாத்தூர்க்காரி | செவ்வாய், இரவு 10:15

எல்லாருக்கும் நன்றி. அரிசிடப்பா அக்கா, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன்.

இன்னைக்கு மத்தியானம் தம்பிக்குச் சோறு போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து, அண்ணன் சொன்ன மாதிரியே கேட்டேன். "மாத்திரை வாங்கப் போற நாள்ல எப்ப எந்திரிப்பே?" முதல்ல ஒண்ணும் பேசலை. அப்புறம் தானா வந்துச்சு.

ஷிப்ட் எட்டரைக்கு. மாத்திரை கொடுக்கிற இடம் திறக்கறது ஒன்பதுக்கு. போய் நின்னு வாங்கிட்டு வந்தா அரை ஷிப்ட் போச்சு. அது மட்டும் இல்லை, ஆர்டர் நேரத்துல எல்லாரும் ஒன்றரை ஷிப்ட் பாப்பாங்க, காலையில வராதவனுக்கு அந்த ஒன்றரை கிடையாது. மொதல்ல ரெண்டு மாசம் உடம்பே முடியாததால வேலைக்கே சரியாப் போகலை, அதனால மாத்திரை வாங்கறது சிரமமாத் தெரியலையாம். உடம்பு தேறினதும்தான் வேலைக்குப் போனான். வேலைக்குப் போனதும்தான் மாத்திரை வாங்க முடியாமப் போச்சு. இப்படி ஒண்ணு நான் யோசிச்சதே இல்லை.

வெறும் வயித்துல போட்டா குமட்டல். தையல் மெஷின்ல குனிஞ்சு உக்காந்தா வாந்தி வந்திருக்கு. சூப்பர்வைசர் "என்னடா ராத்திரி போட்டியா"ன்னு கேட்டிருக்கான். மூட்டு வலி வேற. ரூம்ல நாலு பேர், மாத்திரை அட்டையை யாரோ பாத்துட்டு போன்ல தேடி டி.பி.ன்னு கண்டுபிடிச்சுட்டாங்களாம். யாரும் ஒண்ணும் சொல்லலை. ஆனா மறுநாள்ல இருந்து தண்ணிக் குடத்துல அவனுக்குன்னு தனி டம்ளர் இருந்துச்சாம். இதைச் சொல்லும்போதுதான் அவன் கண் கலங்குச்சு.

10 நாள் விட்டப்புறம் ஒரு நாள் திரும்பப் போகலாம்னு பஸ் ஏறியிருக்கான். திட்டுவாங்களேன்னு நினைச்சு ஸ்டாப்ல இறங்காம அப்படியே போயிட்டானாம்.

டி.பி.க்காரங்களுக்கு அரசு தர்ற உதவித்தொகை ஒரு பைசா வரலைன்னு சொன்னான். நாளைக்கு ஊருக்குப் போகலைன்னு சொல்லியிருக்கான், வியாழன் வரைக்கும் இருக்கேன்னான். குடி, வாரக் கடைசியில மட்டும்னு சொன்னான்.

மருந்துச்சீட்டு | செவ்வாய், இரவு 11:40

அந்தத் தனி டம்ளர். என் வீட்லயே இருந்துச்சு எனக்கு.

நான் தனியார்ல பாத்தவன். மாசா மாசம் மருந்துக்கடையில சொந்தக் காசு. மூணாம் மாசம் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டி வந்துச்சு, ஒரு மாசம் தள்ளிப் போட்டேன். அந்த ஒரு மாசம் ரெண்டு மாசமாச்சு. எனக்கு வைத்தியம் பாத்த இடத்துல இருந்து "ஏன் வரலை"ன்னு ஒரு போன் வரலை. தனியார் டாக்டர்களும் டி.பி. நோயாளியைப் பத்தி அரசுக்குத் தெரிவிக்கணும்னு 2012-லயே உத்தரவு வந்திருக்கு. அது எனக்குத் தெரிஞ்சது ரெண்டாம் தடவை நோய் வந்து ஜி.எச்.சுக்குப் போனப்பதான். தனியார்ல பாத்தாலும் அரசு மாத்திரை வாங்கிக்கலாம்னு அங்கதான் சொன்னாங்க.

சிவப்புப்பெட்டி | புதன், காலை 6:50

அக்கா, ஸ்டாப்ல இறங்காமப் போனேன்னு சொன்னாரே, அது நானேதான். பஸ்ஸுக்குப் பதிலா எனக்குத் தெரு முனை.

பைக்_சூப்பர்வைசர் | புதன், காலை 7:30

தங்கச்சி, நல்லாக் கேட்டிருக்கீங்க. இப்ப வேலைக்கு வருவோம்.

அவருக்கு நிக்ஷய்ங்கிற அரசு டி.பி. பதிவுல நம்பர் ஒண்ணு கொடுத்திருப்பாங்க, சீட்டுல இருக்கும். அந்த நம்பர் இந்தியா முழுக்கச் செல்லும். திருப்பூர்ல ஆரம்பிச்சதை உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திக்கலாம். அடுத்து திரும்பத் திருப்பூருக்கே போனாலும் மறுபடி மாத்தலாம், அவர் ரூமுக்குப் பக்கத்துல காலையில எட்டு மணிக்கே திறக்கிற இடத்துக்குக் கேக்கலாம். இல்லேன்னா அவர் நம்பற ஒரு ஆள், மெடிக்கல் ஷாப்காரர், டீக்கடைக்காரர், யாரா இருந்தாலும் அவங்ககிட்ட மாத்திரையை வச்சு வாங்கிக்கலாம். வீட்ல இருக்கிறவங்களே கொடுக்கவும் இப்ப இடம் இருக்கு. இதைச் சொல்லாம விடறதுதான் பல இடத்துல நடக்குது.

குமட்டலுக்கு வழி இருக்கு. கொஞ்சமாச் சாப்பிட்டுட்டுப் போடலாம், ராத்திரிக்கு மாத்தலாம், டாக்டர்கிட்ட கேளுங்க. பட்டினியாத்தான் போடணும்னு பிடிவாதம் பிடிச்சு மொத்தமா விடறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா கண் மஞ்சளாச்சுன்னாலோ, வாந்தி நிக்காம இருந்தாலோ, பார்வை மங்கினாலோ மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். இதையும் சேத்துச் சொல்லுங்க.

பணம்: 2018 ஏப்ரல்ல இருந்து மாசம் 500 ரூபாய், 2024 நவம்பர்ல இருந்து 1,000. அவருக்கு வரலைன்னா பெரும்பாலும் வங்கிக் கணக்குல, ஆதார் இணைப்புல ஏதோ இடிக்கும். பாஸ்புக்கை எடுத்துக்கிட்டுப் போங்க. எங்கேயும் பதில் இல்லைன்னா 1800-11-6666, கட்டணம் இல்லாத நம்பர்.

மறைக்காம ஒண்ணு சொல்லிர்றேன். நோயாளி மட்டும்தான் விடறார்னு இல்லை, சில சமயம் மருந்தே விட்டுப்போகும். 2024 மார்ச்ல மாத்திரை தட்டுப்பாடு வந்து, மூணு மாசத்துக்கு உள்ளூர்லயே வாங்கிக்கோங்கன்னு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதுச்சு. ஒரு மாச மாத்திரைக்குப் பதிலா நாலு நாளைக்குக் கொடுத்து "அப்புறம் வா"ன்னு அனுப்பினா, கூலிக்காரன் எத்தனை தடவை வருவான்? அவன் பேரை விட்டவங்க லிஸ்ட்ல எழுதறது அநியாயம்.

போறப்ப நீங்க கூடப் போங்க. முதல் வாயை நீங்க திறங்க. "5 வாரம் விட்டிருக்கான், திரும்ப ஆரம்பிக்க வந்திருக்கோம்." அவ்வளவுதான். யாராவது திட்டினா அதை நீங்க வாங்கிக்கோங்க.

அரிசிடப்பா | புதன், காலை 10:20

கூட ஒருத்தர் போறதுன்னு அண்ணன் சொல்றது ரொம்பப் பெரிசு. ரெண்டாம் தடவை என் வீட்டுக்காரர்தான் வந்தார். வரிசையில எனக்கு முன்னாடி நின்னு, அவருக்கே நோய்ங்கிற மாதிரி எல்லாம் கேட்டார். மாமியார்கிட்டயும் அவரே சொல்லிட்டார். பயந்த அளவுக்கு ஒண்ணும் நடக்கலை. அந்தம்மா கீழாநெல்லியை நிறுத்திட்டு முட்டை அவிக்க ஆரம்பிச்சாங்க. புள்ளைக்கு இப்ப ஆறு வயசு.

சாத்தூர்க்காரி | 10 நாள் கழித்து, சனி, இரவு 9:15

எல்லாரும் கேட்டிருந்தீங்க, லேட்டா வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க.

வியாழக்கிழமை போனோம். வாசல் வரைக்கும் வந்துட்டு "நான் டீ குடிச்சிட்டு வர்றேன்"னு திரும்பினான். நானும் கூடவே போய் டீ குடிச்சேன். ரெண்டு பேரும் சேந்து உள்ள போனோம். நர்ஸம்மா சீட்டைப் பாத்துட்டு நிமிந்து "வந்துட்டீங்கல்ல, உக்காருங்க"ன்னாங்க. திட்டலை. தம்பி என்னைத் திரும்பிப் பாத்தான்.

சளி எடுத்தாங்க. கிருமி இன்னும் இருக்கு. ரிஃபாம்பிசினுக்கு அடங்குதுன்னு ரிசல்ட் வந்துச்சு, அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. எடை பாத்து, நிக்கச் சொல்லி, கால்ல வீக்கம் இருக்கான்னு பாத்து, விரல்ல ஆக்ஸிஜன் பாத்தாங்க. அட்மிட் தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க. மொதல் நாள்ல இருந்து திரும்ப ஆறு மாசம். "போட்ட 70 நாளும் வீணா"ன்னு அவன் கேட்டான். டாக்டர் வீணுன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. "இந்தத் தடவை 60-வது நாள் உங்களுக்கு நிறுத்தத் தோணும், அன்னைக்கு என்னை வந்து பாருங்க"ன்னு சீட்டுல தேதி போட்டுக் கொடுத்தார். நெஞ்சகம் சார், உங்க ஞாபகம்தான் வந்துச்சு.

திருப்பூருக்கு ரெண்டு மாசம் லீவு சொல்லியிருக்கான். வேலை இருக்குமோ இருக்காதோ. இங்க தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் கட்டுற வேலை பாத்து வச்சிருக்கேன், கூலி திருப்பூர்ல பாதிகூட வராது. பாஸ்புக்ல பேருக்கும் ஆதார்ல பேருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம், அதனாலதான் பணம் வரலை. மாத்த எழுதிக் கொடுத்திருக்கோம்.

இன்னைக்கு 9-வது நாள். ராத்திரி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழிச்சுப் போடறான், குமட்டல் குறைஞ்சிருக்கு. போன சனிக்கிழமை குடிச்சுட்டு வந்தான். ஒண்ணும் சொல்லாம மாத்திரையை மட்டும் கையில கொடுத்தேன். இந்த வாரம் குடிக்கலை.

அம்மாபிள்ளை_கோவை | சனி, இரவு 9:50

அக்கா, சந்தோஷம். எங்கம்மாகிட்ட இந்த இழையைக் காட்டினேன். அவங்களே படிச்சாங்க. "அந்தப் பையனுக்கு எண்ணெய் தேச்சு வறுத்த நிலக்கடலை அனுப்பலாமா, விலாசம் கேளு"ன்னாங்க. விலாசம் எல்லாம் இங்க போட வேண்டாம், அவங்க சொன்னதை மட்டும் தம்பிகிட்ட சொல்லிருங்க.

பைக்_சூப்பர்வைசர் | ஞாயிறு, காலை 5:15

நல்லது தங்கச்சி. ஒரு விஷயம் பாக்கி. அவர் இப்ப உங்க வீட்ல தங்கியிருக்கார். முதல் ரெண்டு வாரமாவது ஜன்னலைத் திறந்து வச்சு, காத்தாடற இடத்துல படுக்கட்டும், முகக்கவசம் போடட்டும். டம்ளரைப் பிரிக்க வேண்டியதில்லை, இது காத்துல பரவறது.

வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?

சாத்தூர்க்காரி | ஞாயிறு, காலை 6:40

ரெண்டு பேர் அண்ணா. பையனுக்கு ஏழு, பாப்பாவுக்கு மூணு.

பைக்_சூப்பர்வைசர் | ஞாயிறு, காலை 6:45

அப்ப ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய்ப் பரிசோதனை பண்ணுங்க. நோய் இல்லைன்னு உறுதியாச்சுன்னா வராம இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பாங்க. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பாப்பாவைத் தள்ளிப் போடவே வேண்டாம். உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் சேத்துக் கேளுங்க. அதுவும் மாசக்கணக்குல போடறதுதான், அதையும் விடக் கூடாது.

சாத்தூர்க்காரி | ஞாயிறு, காலை 7:05

திங்கக்கிழமை தம்பிக்கு மாத்திரை வாங்கற நாள். நாலு பேரும் சேந்தே போயிட்டு வர்றோம்.